விபத்துக்கு மறுநாள்

தமிழ் சினிமா விபத்தை நன்றாகவே எடுக்கும். விபத்துக்கு மறுநாள் விடியும் காலைதான் அதற்குக் கைவராது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியைத் திரையில் காட்டிய படங்கள் என்றால் இரண்டு உடனே நினைவுக்கு வரும்: 2008இல் வந்த ‘தசாவதாரம்’, 2014இல் வந்த ‘கயல்’. இரண்டிலும் அலை கடைசிக் கட்டத்தில்தான் எழுகிறது. கதையில் விழுந்த முடிச்சுகளை அலையே அவிழ்த்துக் கொடுக்கிறது. கொஞ்ச நேரத்தில் படமும் முடிந்துவிடுகிறது. நாகப்பட்டினத்திலோ தண்ணீர் வடிந்த பிறகுதான் கதையே தொடங்கியது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அரசு காப்பகம் திறந்தது. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பிறகு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அரசே பணம் கொடுத்தது. பெற்ற மூன்று பிள்ளைகளையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்த ஒரு தம்பதி, பெற்றோரில்லாமல் நின்ற ஊர்ப் பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து வளர்த்தார்கள். இந்த மறுநாள்களைக் கதையாக எடுத்து மக்கள் மனதில் நின்ற தமிழ்ப் படம் எது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

உலக சினிமாவில் இதற்கென்றே ஒரு வகை உண்டு. பெரும் துயரம் ஒன்று நடந்து முடிந்திருக்கும். அதில் அடிபட்டவர்கள், ஒருவருக்கொருவர் முன்பின் அறியாதவர்கள், ஏதோ காரணத்தால் ஓரிடத்தில் சேர்ந்திருக்க நேரும். சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, ஒருவரை வைத்து ஒருவர் எழுந்து நிற்பார்கள். ‘மென்மையான படம்’ என்று சொல்லி இந்த வகையை நாம் எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் இதைப் போல் எடுக்கக் கடினமான படம் வேறில்லை; கொஞ்சம் சறுக்கினாலும் ஒப்பாரியாகவோ உபதேசமாகவோ போய்விடும். தமிழில் இப்படிப்பட்ட படம் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது என்பதும், அதற்குப் பொருத்தமான மண் சேர்வராயன் மலையும் ஏற்காடும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம். மலை என்றதும் பனிமூட்டமும் அமைதியும் மனத்துக்கு மருந்து என்று சொல்லப்போவதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த நினைப்பைத்தான் முதலில் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

ஏற்காட்டுக்கும் சினிமாவுக்கும் உள்ள தொடர்பு மலையுச்சியில் தொடங்கவில்லை, மலையடியில் தொடங்கியது. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. அதன் நுழைவாயில் வளைவு இன்றும் நிற்கிறது. சேலத்திலிருந்து அந்தச் சாலையில் மலைக்குப் போகிற பேருந்துகள் அதைத் தாண்டித்தான் போகின்றன. முதல் மலையாளப் பேசும் படமான ‘பாலன்’ (1938) அந்த நிறுவனம் எடுத்தது. எம்.ஜி.ஆர். நடித்து, மு. கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ (1950), தமிழின் முதல் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவையும் அங்கிருந்து வந்தவையே. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். வாள்சண்டை, மாறுவேடம், துப்பறிதல், மயிர்க்கூச்செறியும் துரத்தல். ‘சி.ஐ.டி. சங்கர்’, ‘கருந்தேள் கண்ணாயிரம்’ என்று பெயரைக் கேட்டாலே படத்தின் வேகம் தெரிந்துவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வேகம்தான் தமிழ் சினிமாவுக்குத் தொழிற்சாலை ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்கும் ரசிகர்களை உருவாக்கியதிலும் அதற்குப் பெரும் பங்குண்டு. நடந்து முடிந்ததோடு எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு அந்த வேகத்தில் இடமில்லை.

பிறகு கேமரா மலையேறியபோது மலை பாட்டுக்கு ஆனது, தேனிலவுக்கு ஆனது, பேய் பங்களாவுக்கு ஆனது. விதிவிலக்கு என்று உடனே சொல்லத் தோன்றுவது பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982). ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் நடக்கும் கதை. விபத்தில் தலையில் அடிபட்டுக் குழந்தை மனநிலைக்குப் போய்விட்ட பெண்ணை, முன்பின் தெரியாத ஒரு பள்ளி ஆசிரியன் அழைத்துவந்து பார்த்துக்கொள்கிறான். துயரம் இருக்கிறது, அந்நியர்கள் இருக்கிறார்கள், மலையும் இருக்கிறது. ஆனால் அங்கே ஒருவர் நோயாளி, மற்றவர் பார்த்துக்கொள்பவர். அவள் குணமான அந்த நொடியே அவனை மறந்துபோகிறாள். மழையில் நனைந்தபடி ரயிலடியில் அவன் காட்டும் கூத்தெல்லாம் வீணாகிறது. மகத்தான படம்தான், ஆனாலும் ஆறுவது ஒருவர், உடைவது ஒருவர். இருவரும் சேர்ந்து ஆறுவதைப் பற்றிய படம் அது இல்லை.

நான் சொல்லும் வகைக்குத் தமிழில் மிக அருகில் வந்தது ‘அன்பே சிவம்’ (2003). கமல்ஹாசன் எழுத, சுந்தர் சி. இயக்கிய படம். புவனேஸ்வரத்தில் மழையால் விமானம் ரத்தாகி நிற்கும் நல்லசிவமும் அன்பரசும் சென்னை வந்து சேரும் பயணம் என்றுதான் அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பயணத்துக்குக் கீழே ஒரு மலைப்பாதை இருக்கிறது. நல்லசிவத்தின் முகத்தைக் கிழித்துக் காலைச் சிதைத்தது ஒரு பேருந்து விபத்து. அவரைத் தேற்றி எடுத்தவர்கள் கன்னியாஸ்திரிகள். உறவினர் ஒருவரும் இல்லை. அங்கே பெற்றதைத்தான் அவர் ரயிலிலும் பேருந்திலும் ஓர் எரிச்சல்காரனான விளம்பரப்பட இயக்குநரிடம் திருப்பிக் கொடுக்கிறார். ரயில் விபத்தில் அடிபட்ட சிறுவனுக்கு அன்பரசு ரத்தம் கொடுக்கிறான். கொடுத்தும் சிறுவன் பிழைப்பதில்லை. நம் சினிமாவில் ரத்தம் கொடுத்தால் பிழைத்தாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். அதை மீறியதால்தான் அந்தக் காட்சி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்கிறது. அன்பரசை மாற்றுவது அவன் செய்த உதவி அல்ல. அந்த உதவி பலிக்காமல் போனதுதான் மாற்றுகிறது. இருவரும் ஒரே இழப்பின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

படத்தின் முடிவு அதைவிட முக்கியம். நல்லசிவத்தைத் தன் அண்ணனாகவே வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான் அன்பரசு. அவரோ ஒரு கடிதத்தை எழுதிவைத்துவிட்டு நாயோடு கிளம்பிவிடுகிறார். கதைக்குள் காதல், கல்யாணம் என்று இதற்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் தமிழ் சினிமா அந்நியனிடம் வழக்கமாகச் செய்வதை அந்தக் கடைசிக் காட்சி செய்ய மறுக்கிறது. நமக்கு ஒருவர் உதவினால் அவரை அண்ணனாக்கிவிட வேண்டும், தங்கையாக்கிவிட வேண்டும், முடிந்தால் மருமகனாக்கிவிட வேண்டும். அப்போதுதான் கணக்கு நேராகும். ‘என் பொம்முக்குட்டி அம்மாவுக்கு’ (1988) படத்தில் குழந்தையை இழந்த தம்பதி அனாதை இல்லத்திலிருந்து ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறார்கள். அந்நியர் சேர்ந்து ஆறும் கதையாகத் தொடங்கி, யார் உண்மையான பெற்றோர் என்ற உரிமைச் சிக்கலில் போய் நிற்கிறது. 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ இலங்கையிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தைச் சென்னைக் காலனி ஒன்றில் குடிவைத்து, அவர்களால் காலனியே உருகுவதைக் காட்டியது. அன்பான படம், அதில் சந்தேகமில்லை. அங்கும் எல்லோரும் கடைசியில் ஒரே குடும்பம் ஆகிவிடுகிறார்கள்.

உறவுமுறை சொல்லி அழைப்பதில் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பொன்றும் இல்லை, அது நம் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. ஆனால் உறவு வந்ததும் கடமையும் மனத்தாங்கலும் கூடவே வந்துவிடுகின்றன. இழவு வீட்டில் சொந்தக்காரர்கள் சொல்லும் ஆறுதலில் எப்போதும் ஓர் எதிர்பார்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்: சீக்கிரம் தேறு, பிள்ளைகளைப் பார், கருமாதிக்கு யாரைக் கூப்பிட்டாய், யாரை விட்டாய். யாரோ ஒருவரிடம் மட்டுமே காட்டக்கூடிய முகம் ஒன்று துயரத்துக்கு உண்டு. நாளை நம்மைப் பார்க்காதவரிடம், நம் குடும்பக் கதை தெரியாதவரிடம்தான் ‘அவர் போனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருக்கிறது’ என்று ஒரு மனைவி சொல்ல முடியும். அந்த வாக்கியத்தை ஒரு தமிழ்த் திரைப்படம் அதன் கதாநாயகிக்குக் கொடுக்க வேண்டுமானால், கேட்பவர் அந்நியராகவே கடைசிவரை இருக்க வேண்டும்.

இரண்டாவது பழக்கம் அழுகைக் காட்சி. இதில் நம் சினிமாவின் உச்சம் ராதா மோகனின் ‘மொழி’யில் (2007) எம். எஸ். பாஸ்கர் நடித்த பேராசிரியர். மகன் இறந்த 1984ஆம் ஆண்டிலேயே அவருடைய காலம் நின்றுவிட்டது. அழாமல் உறைந்த மனிதரை, அதே அடுக்குமாடியில் குடியிருக்கும் இளைஞன் கட்டிப்பிடித்து அழவைக்கிறான், உறைந்தது உடைகிறது. பார்த்தவர் எவரும் அந்தக் காட்சியை மறக்கமாட்டார்கள். ஆனால் அது விட்டுச்சென்ற நம்பிக்கை ஆபத்தானது: ஒருமுறை வாய்விட்டு அழுதுவிட்டால் கதவு திறந்துவிடும் என்பது. பேரிடரில் தப்பியவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவைக்கும் சிகிச்சைமுறை ஒரு காலத்தில் உலகெங்கும் நடைமுறையில் இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அதனால் பயனில்லை, சிலருக்குத் தீங்கும் உண்டு என்று கண்டன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு, யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், தண்ணீர், உணவு, போர்வை, உறவினர் பற்றிய தகவல் என்று கண்முன் உள்ள தேவையைக் கவனியுங்கள் என்கிறது. யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனிமனிதருக்கு மட்டும் இல்லை, சமூகத்துக்கே உண்டு என்று எழுதினார். ஊர்ச் சடங்குகளையும் உள்ளூர்த் தொண்டர்களையும் கொண்டே அதை அணுகவேண்டும் என்றார்.

இதெல்லாம் தமிழருக்குப் புதுச் செய்தி இல்லை என்பதுதான் வேடிக்கை. இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். யார் பந்தல் போடுவது, யார் பெரிய பாத்திரம் கொண்டுவருவது, யார் வெளியூருக்குச் சொல்லி அனுப்புவது என்று வேலைகள் தாமாகப் பிரியும். ஆறுதல் வார்த்தை சொல்லத் தெரியாதவர் வாழையிலை நறுக்கிக்கொண்டிருப்பார். அவரும் ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் ஊர்கள் இத்தனை நூற்றாண்டாகச் செய்துவரும் இந்தக் காரியத்தை நம் படங்கள் பின்னணியில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, கேமராவை அழுபவர் முகத்துக்குக் கொண்டுபோய்விடுகின்றன.

ஜப்பானிய இயக்குநர் ரியூசுகே ஹமாகுச்சியின் ‘டிரைவ் மை கார்’ (2021) செய்தது இதற்கு நேர்மாறு. மனைவியை இழந்த நாடக இயக்குநர். நிலச்சரிவில் தாயை இழந்த இளம் பெண் ஓட்டுநர். ஏறக்குறைய மூன்று மணி நேரப் படத்தில் பெரும்பகுதி அவள் காரோட்டுகிறாள், அவர் பின்னால் அமர்ந்து வசனம் மனப்பாடம் செய்கிறார். இருவரும் தத்தம் குற்றவுணர்வைப் பேசும்போது படம் ஏறத்தாழ முடிந்துவிட்டிருக்கிறது. பேசத் தகுதி உண்டாவது அந்த நூற்றுக்கணக்கான மைல் வேலையினால்தான். வேலை என்று ஒன்று நடுவில் இருந்தால்தான் இரண்டு அந்நியர்கள் ஒருவரையொருவர் உற்றுப் பார்க்காமல் சேர்ந்திருக்க முடியும்.

சேர்வராயன் மலையில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. இருநூறு ஆண்டாக அந்தச் செடிதான் மலையின் நாள்காட்டி. கோடை மழை நாலு தூறல் விழுந்ததும் பூக்கும். அந்த மழை தப்பினால் வருடமே தப்பும். ஏறக்குறைய 9 மாதம் கழித்து, நவம்பரில் தொடங்கிப் பொங்கலைத் தாண்டியும் பழம் பறிப்பார்கள். ஒரே கொத்தில் காயும் பழமும் கலந்திருக்கும். சிவந்ததை மட்டும் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். அன்றைக்குப் பறித்ததை அன்றைக்கே எடைபோட்டு, தோல் நீக்கி, தொட்டியில் ஊறவைத்து, கழுவி, களத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். மணிக்கொரு தரம் கிளறிவிட வேண்டும். பனி இறங்கும் முன் குவித்து மூட வேண்டும். பகலில் திடீரென்று மழை வந்தால் யார் எவர் என்று பாராமல் எல்லோரும் களத்துக்கு ஓடித் தார்ப்பாயை இழுப்பார்கள். துயரப்பட்டவரைச் சும்மா உட்காரவிடாத வேலை இது. அதே சமயம் ஓயாமல் பேசவேண்டிய தேவையும் இல்லாத வேலை. திரைக்கதை எழுதுபவர் ஒருவருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஏரியில் படகு ஓட்டுவதையும் லேடீஸ் சீட்டிலிருந்து சூரியன் இறங்குவதையும் எடுத்த கேமராக்கள் இந்தக் களத்தை எப்போதாவது எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த மலையில் அந்நியர் என்று எவரையும் சுட்டிக்காட்டுவது சிரமம். இங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடியினரே (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத்தான் கதை சொல்கிறார்கள். அண்ணன் தம்பி மூவர் கிளம்பி, பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும் மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்களாம். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்ட பீட்டர் பெர்சிவல் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை வைத்து வேதாகமத்தைத் தமிழாக்கியவர் அவர். பல்லாவரத்தில் பழைய கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அவருடைய மருமகன். அவரும் இங்கே வீடு வைத்திருந்தார். 1894இலும் 1917இலும் தொடங்கிய உறைவிடப் பள்ளிகளில் இன்றும் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து படிக்கிறார்கள். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் விழாவுக்கு மலைக்கிராமங்கள் திரளும்போது கீழ்நாட்டாரும் சேர்ந்துகொள்கிறார்கள். எங்கிருந்தோ வந்து நின்றவர்களின் கதையைத்தான் இந்த மலை சொல்லிக்கொண்டே இருக்கிறது.

துயரத்துக்கும் இங்கே கற்பனை தேவையில்லை. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 ஏப்ரல் 30 மாலை, ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு தனியார் பேருந்து 13ஆவது வளைவருகே தடுப்புச் சுவரை இடித்துக்கொண்டு பள்ளத்தில் கவிழ்ந்தது. சிலர் இறந்தார்கள், பலர் காயமடைந்து சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த விபத்தைக் கதையாக எடுக்கச் சொல்லவில்லை, அதில் பட்டவர்களின் துயரம் அவர்களுடையது. ஆனால் மலைப்பேருந்து என்பது எப்படிப்பட்ட கூட்டம் என்று எண்ணிப் பார்க்கலாம். சுற்றுலா முடித்துத் திரும்பும் குடும்பம், சந்தைக்கு மிளகு கொண்டுபோகிறவர், விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர், மருத்துவமனைக்குப் போகும் கர்ப்பிணி. ஒரே பேருந்தில் இருந்தார்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு ஒற்றுமை இல்லை. அந்த ஒன்றே மறுநாளிலிருந்து அவர்களைப் பிணைத்துவிடுகிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். துயரம் எல்லோரையும் ஒன்றாக்கும் என்பது சினிமாக்காரர்களின் ஆசை, தமிழ்நாட்டு அனுபவம் அப்படி இல்லையே என்பது. மறுப்பவர்கள் சொல்வது சரிதான். சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்து நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை, தனியே உட்காரவைக்கப்பட்டதை, நிவாரணத்தில் பின்தள்ளப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. பிணத்தைப் புதைத்த மண் காயும் முன்பே சாதி எழுந்து நின்றுவிட்டது. ‘எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை’ என்ற கேள்வி கேட்கப்படாத அந்நியர் நம் நாட்டில் இல்லை. எஸ்டேட்டிலும் பங்களா இருக்கிறது, லயன் வீடு இருக்கிறது. பழம் பறிப்பவருக்கும் காப்பி குடிப்பவருக்கும் நடுவே உயரம் இருக்கிறது. ஆகவே நல்ல படம் இதை மறைக்கக்கூடாது. நகரத்திலிருந்து துக்கத்தோடு வரும் பணக்காரரைப் பழங்குடிப் பாட்டி ஒருத்தி ஞானம் சொல்லித் தேற்றி அனுப்புவது போன்ற கதையை எழுதுவதைவிட எழுதாமலிருப்பது மேல். அந்தப் பாட்டியும் எதையோ இழந்திருக்க வேண்டும். அவளும் அவரிடமிருந்து எதையாவது பெற வேண்டும். ஒருவர் டம்ளரில் மற்றவர் குடிப்பதற்கு எத்தனை வாரம் ஆகிறது என்பதைப் படம் காட்ட வேண்டும். நீரஜ் கய்வானின் ‘மஸான்’ (2015) இதில் நேர்மையாக இருந்தது: காசியில் சாதியும் சாவும் காவல்துறையும் தனித்தனியே நொறுக்கிய இருவர் கடைசிக் காட்சியில்தான் ஒரே படகில் ஏறுகிறார்கள். அதற்கு மேல் அது வாக்குறுதி கொடுப்பதில்லை.

இன்னும் கனமான மறுப்பு நீதியைப் பற்றியது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் பள்ளியிலேயே கருகினார்கள். தீ தற்செயலாகப் பிடித்திருக்கலாம். கூரையும் நெரிசலும் பூட்டிய வழியும் தானாக வரவில்லை. விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30 அன்று, பத்தாண்டு கழித்து. இப்படிப்பட்ட துயரங்களை ‘ஆறும் கதை’யாக்குவது குற்றவாளியைத் தப்பவிட்டுப் பாதிக்கப்பட்டவரைத் தடவிக்கொடுப்பது ஆகாதா? ஆகும், அந்தக் கதையில் நீதிமன்றம் இல்லையென்றால். ஆட்டம் எகோயானின் ‘தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’ (1997) பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளை இழந்த ஒரு பனிநாட்டுச் சிற்றூரைப் பற்றியது. வழக்கு போடச் சொல்லி வரும் வக்கீல் அங்கே ஊரைக் கலைக்க வந்தவர்போலத் தெரிகிறார், உயிர்தப்பிய சிறுமி பொய்ச் சாட்சி சொல்லி வழக்கையே உடைக்கிறாள். பேரழகான படம். ஆனால் வழக்கு துக்கத்துக்குப் பகை என்ற அதன் உள்ளெண்ணம் நம் ஊருக்குப் பொருந்தாது.

நம் ஊரில் அந்நியர்கள் சேர்ந்து துக்கப்படும் இடமே நீதிமன்றத் தாழ்வாரம்தான். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கில் இறந்தவரின் உயிர் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். மாத வருமானம் எவ்வளவு என்று நிரூபிக்க வேண்டும். நாற்று நட்டவருக்கும் பழம் பறித்தவருக்கும் சம்பளச் சீட்டு எங்கே? மனைவியும் ஓரிரு பிள்ளைகளும் இருந்தால் அவர் தமக்காகச் செலவழித்திருப்பார் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். 26 முதல் 30 வயதுக்குள் இறந்திருந்தால் ஆண்டு வருமானத்தை 17ஆல் பெருக்குவார்கள். 46 முதல் 50க்குள் என்றால் 13ஆல். இதை உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கில் நிர்ணயித்தது. 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் துணையை இழந்ததற்கு 40,000 ரூபாய், ஈமச்செலவுக்கு 15,000 ரூபாய் என்று வரையறுத்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். சூத்திரத்தைக் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் ஒரே அளவு வேண்டும் என்பதற்காக வந்தது. ஆனால் ஒரே பேருந்தில் கணவனை இழந்த இரண்டு பெண்கள் ஒரே வாய்தாவுக்கு வந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தியின் கணவனுக்கு 17, மற்றவளின் கணவனுக்கு 13 என்று தெரிந்துகொள்ளும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவர்கள் சண்டை போடலாம்; சிரித்தும் விடலாம். பிறகு ஒருத்தி கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்துச் சாப்பிடலாம். மென்மையும் நீதியும் அங்கே ஒன்றையொன்று விலக்குவதில்லை. கும்பகோணத்துப் பெற்றோர்கள் ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று கூடுவதும் இப்படித்தான். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தார்கள் என்பதைத் தாண்டி, நினைவஞ்சலியும் வழக்கும் அவர்களைச் சேர்த்து வைத்தன.

சில துக்கம் ஆறவே ஆறாதே என்பார்கள். உண்மை. ‘மான்செஸ்டர் பை தி சீ’ (2016) அதை ஒளிக்காமல் சொல்லிப் பார்வையாளரிடம் மதிப்பும் பெற்றது. ஆறுவது என்றால் பழையபடி ஆவது என்று பொருள் கொள்ளாத வரை இதில் சண்டை இல்லை.

கடைசியாக, இப்படிப்பட்ட படத்துக்குக் கூட்டம் வராது என்ற வியாபார வாதம். ‘அன்பே சிவம்’ வெளியானபோது ஓடவில்லை என்பதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். ‘மொழி’ ஓடியதையும், ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ சிறு செலவில் எடுக்கப்பட்டு அந்த ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்றானதையும், ஹலிதா ஷமீமின் ‘சில்லுக் கருப்பட்டி’யில் (2019) புற்றுநோய் வந்த இளைஞனும் வாடகைக் காரைப் பகிர்ந்துகொள்ளும் பெண்ணும் வரும் பகுதியை இளைஞர்கள் கொண்டாடியதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். கூட்டம் வராது என்பதைவிட, கூட்டத்தை நம்பி எடுக்கத் தயாரிப்பாளருக்குத் துணிவு வராது என்பதே பொருத்தம். இந்தப் படத்துக்கு வெளிநாட்டுப் பாட்டு வேண்டாம், அரங்கு வேண்டாம், கிராஃபிக்ஸ் அலை வேண்டாம். ஒரு பேருந்து, ஒரு களம், ஒரு நீதிமன்ற வராந்தா, நடிக்கத் தெரிந்த நான்கைந்து பேர் போதும்.

கதை தேடி ஏற்காட்டுக்கு வரும் இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள். மே மாதக் கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் வராதீர்கள். அப்போது மலை விருந்தாளி முகம் காட்டும். டிசம்பரில் வாருங்கள். காரை அடிவாரத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் பழம் பறிக்கிறவர்களோடு ஒரு வாரம் இருங்கள். இறங்கும்போது சேலம் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு நாள் உட்காருங்கள். அதன் பிறகு எழுதுங்கள்.